பிளஸ் தொண்ணூறு பிறந்த கதை

குழாய் வளைக்கும் கம்ப்யூட்டர் இயந்திரத்துக்கு ஒரு வளைவைப் பற்றிச் சொல்ல மூன்று எண்கள் போதும். குழாயை எவ்வளவு முன்னே தள்ளுவது, எவ்வளவு திருப்புவது, எவ்வளவு வளைப்பது. பட்டறையில் இதை எல்.ஆர்.ஏ. என்பார்கள்: லென்த், ரொட்டேஷன், ஆங்கிள். எத்தனை வளைவு இருந்தாலும் சரி, மூன்று மூன்றாக எண்கள் வரிசையில் நிற்கும். முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் சாதுக்கள். 200 மில்லிமீட்டர் தள்ளு என்றால் யார் படித்தாலும் 200தான். 90 டிகிரி வளை என்றாலும் அப்படியே. வம்பு நடு எண்ணில்தான். பிளஸ் 90 திருப்பு என்றால் எந்தப் பக்கம்?

இதில் தப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் குழாயை வைத்துப் பார்க்கலாம். மேஜை மேல் ஒரு குழாய் 200 மி.மீ. கிழக்கே போகிறது. அங்கே வளைந்து 150 மி.மீ. வடக்கே போகிறது. மறுபடி வளைந்து 100 மி.மீ. மேலே எழும்புகிறது. இரண்டு வளைவும் 90 டிகிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளஸ் 90 திருப்பம். இப்போது அந்த ஒரே ஒரு பிளஸ்ஸை மைனஸ் ஆக்குங்கள். கிழக்கும் வடக்கும் அப்படியே இருக்கும். கடைசித் துண்டு மட்டும் மேலே போகாமல் கீழே இறங்கும். நீளம் சரி, கோணம் சரி, டேப்பும் கோணமானியும் வைத்து அளந்தால் எல்லாம் சரி. ஆனால் எப்படிப் புரட்டினாலும், எந்த முனையை முன்னால் வைத்தாலும், அது கேட்ட குழாய் ஆகாது. கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பம் அது. சூடு பண்ணித் திருத்துகிற விஷயமில்லை. பழைய இரும்புக்கடைக்குத்தான் போக வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் இந்தத் தொல்லை கிடையாது. குழாய் வளைப்பவரிடம் ஒரு கம்பி இருக்கும். குழாய் போய் உட்கார வேண்டிய இடத்திலேயே கம்பியை வளைத்து எடுத்து வருவார்கள். அதைப் பக்கத்தில் தொங்கவிட்டு, பார்த்துப் பார்த்துக் குழாயை வளைப்பார். குழாயின் பின்முனையைக் கவ்வும் சக்கில் டிகிரிக் கோடுகள் போட்ட தட்டு ஒன்று இருக்கலாம். எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கம்பியே காட்டிவிடும். பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. பொருள் கண் முன்னால் இருக்கும் வரை திசைக்குக் குறி தேவைப்படாது. பொருளைப் பார்த்தவர் ஓரிடத்திலும் செய்பவர் வேறிடத்திலுமாகப் பிரிந்து, நடுவில் வெறும் எழுத்து மட்டும் பயணம் போகத் தொடங்கும்போதுதான் குறி பிறக்கிறது. பிறந்த அன்றே தகராறும் பிறக்கிறது.

அந்தத் தகராறு குழாய்க்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே தூத்துக்குடிக் கடலில் இருந்திருக்கிறது. அதற்கு முன் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

வலஞ்சுழி என்றால் கடிகார முள் போகும் வாக்கு. முள் ஏன் அந்த வாக்கில் போகிறது? வட பாதி உலகத்தின் பெரும்பகுதியில் தரையில் ஒரு குச்சி நட்டால், அதன் நிழல் காலையில் மேற்கே விழுந்து, நண்பகலில் வடக்கே வந்து, மாலையில் கிழக்கே சாயும். ஐரோப்பாவில் எந்திரக் கடிகாரம் செய்தவர்கள் பழகிய நிழற்கடிகாரத்தின் அந்த வாக்கையே முள்ளுக்கும் கொடுத்தார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. தூத்துக்குடி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது டிகிரிக்கும் குறைவான இடத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் ஊருக்கு வடக்கே நிற்கும். அந்த நாலரை மாதமும் குச்சியின் நிழல் மேற்கிலிருந்து தெற்கு வழியாகக் கிழக்கே போகும். அதாவது கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒருவர் ஆனி மாதத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கண்டுபிடித்திருந்தால் உலகத்து முட்கள் எல்லாம் இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். மார்கழியில் கண்டுபிடித்திருந்தால் இப்போது உள்ளபடியே. கடிகார வாக்கு என்பது அவ்வளவு தற்செயலானது.

கோயில் பிராகாரத்தில் வலம் வருவது இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு. சாமி என் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், நான் முன்னால் நடக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. மேலிருந்து பார்ப்பதா, கீழிருந்து பார்ப்பதா என்ற கேள்விக்கே இடமில்லை, சுற்றுபவரின் உடம்பே அளவுகோல் என்பதால். ஆனால் நடக்கும் மனிதருக்குப் பொருந்தும் இந்த விதியைக் கையில் பிடித்த பொருளுக்கு எப்படிச் சொல்வது? பொருளுக்கு முன்பக்கம் எது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டுமே.

சங்குக்கு அதைத்தான் முடிவு செய்தார்கள். இருவேறு ஊரில், இருவேறு விதமாக.

மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் வாழும் சங்குக்கு விலங்கியல் பெயர் டர்பினெல்லா பைரம். முத்து எப்போதாவது கிடைக்கும். பல ஆண்டுகள் கிடைக்காமலே போகும். தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். சங்கு அப்படியில்லை, ஆண்டுதோறும் சோறு போட்டது. ஆங்கிலேயர் காலத்தில் சங்குகுளிப்பு அரசின் ஏகபோகம். மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்குக் கப்பலேறி, டாக்காவின் வளையல் அறுப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தின் முத்து, சங்கு குளிப்புகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்குக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகள் மண்ணில் கிடப்பதைப் பார்த்து, அங்கே பழைய காலத்தில் சங்கறுக்கும் தொழில் நடந்திருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான்.

இந்தச் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கம் சுழன்றவை. மாறிச் சுழன்றது எப்போதோ ஒன்று அகப்படும். அந்த அபூர்வத்துக்குத்தான் வலம்புரி என்று பெயர். குளித்தவருக்கு அது கிடைத்த நாள் வேறு மாதிரியான நாள். விலை பேச உட்காரும் ஆட்களும் வேறு மாதிரியானவர்கள். சாதாரணமாகக் கிடைப்பது இடம்புரி.

விலங்கியல் புத்தகத்தைத் திறந்தால் நேர் எதிராக இருக்கும். அதன்படி சாதாரணச் சங்குதான் வலச்சுழி. நம் வலம்புரி இடச்சுழி. புத்தகம் தப்பா, கடற்கரை தப்பா? இரண்டும் இல்லை. நத்தை, சங்கு வகைகளை விலங்கியலாளர்கள் கூர்ந்த உச்சி மேலே இருக்கும்படி நிறுத்தி, வாய் தம்மைப் பார்க்கும்படி வைத்துக்கொள்வார்கள். வாய் வலது பக்கம் தெரிந்தால் வலச்சுழி. நம் வழக்கத்தில் சங்கு தலைகீழாக நிற்கும்: நீண்ட மூக்கு மேலே, உச்சி கீழே. வாய் வலப்பக்கம் திறந்திருந்தால் வலம்புரி. ஒரே சங்கைத் தலைகீழாகப் பிடித்தால் வாய் வலமிருந்து இடமாகிவிடும். அவ்வளவுதான் சண்டை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அதன் திருகு மாறுவதில்லை. பெயர்தான் மாறுகிறது. ஆயிரம் இடம்புரியைத் தலைகீழாக நிறுத்தினாலும் அதில் ஒன்றுகூட வலம்புரி ஆகாது. ஆகுமானால் வியாபாரிகள் என்றைக்கோ செய்திருப்பார்கள். அதற்குப் பதில் அவர்கள் செய்தது மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வேறொரு நத்தை இனத்தை இறக்கியது. அமெரிக்கர்கள் மின்னல் வெல்க் என்று அழைக்கும் அந்த இனம் பிறவியிலேயே இடச்சுழி. அங்கே அது அபூர்வமும் இல்லை. அதைத்தான் வலம்புரி என்று பலர் விற்கிறார்கள். வாய்க்குள் தெரியும் நடுத்தூணைப் பார்த்தால் போதும்: நம் சங்கில் அங்கே மூன்று நான்கு மடிப்பு வரிகள் குறுக்கே ஓடும், வெல்க்கில் தூண் வழவழவென்று இருக்கும். பூஜையறையில் வலம்புரி வைத்திருப்பவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டர்பினெல்லா பைரம் என்பதில் பைரம் என்ற பாதியைச் சூட்டியவர் சுவீடனின் லின்னேயஸ். இதே மனிதர் கொடிகளின் திருகுக்கும் வலம், இடம் என்று பெயர் வைத்திருந்தார். நூறாண்டு கழித்து அந்தப் பெயர் ஒரு பௌதிக மேதையின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லுக்கு மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. கம்பியில் மின்னோட்டம் ஒரு திசையில் போனால் காந்தம் அதைச் சுற்றி ஒரு வாக்கில் சுழலும். முன்னே போவதற்கும் சுற்றிப் போவதற்கும் உள்ள உறவைக் குறியோடு எழுத வேண்டும். எந்தச் சுற்றுக்கு பிளஸ்? அந்தக் காலத்து அறிஞர்களிடையே இரண்டு வழக்கமும் இருந்தன. ஒருவர் புத்தகத்தின் பிளஸ் இன்னொருவர் புத்தகத்தில் மைனஸ். 1871 மே மாதம் லண்டன் கணிதக் கழகத்தில் மேக்ஸ்வெல் இந்தக் கேள்வியை வைத்தார். அங்கே வலத்திருகு ஜெயித்தது. 1873இல் வெளிவந்த தன் பெரிய நூலில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு எழுதினார். படித்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். திராட்சைக் கொடி வலத்திருகு, பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் கொடி இடத்திருகு; ஆகவே இரண்டு முறைகளையும் திராட்சை முறை, ஹாப் முறை என்று அழைக்கலாமே என மில்லர் என்ற பேராசிரியர் யோசனை சொன்னாராம். தான் எடுத்துக்கொள்வது திராட்சை முறை. அது லின்னேயஸின் முறை. ஜப்பானைத் தவிர நாகரிக நாடுகள் எல்லாவற்றிலும் திருகாணி செய்பவர்களின் முறையும் அதுவே என்கிறார் மேக்ஸ்வெல். ஆனால் டி கண்டோல் என்ற தாவரவியலாளர் ஹாப் கொடியைத்தான் வலம் என்றார், ஒளியைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் போனார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். வலத்திருகு எது என்று நினைவில் வைக்க அவர் சொல்லும் உபாயம் சொல்லில் இல்லை, கையில் இருக்கிறது. வலது கையை முன்னே நீட்டிக்கொண்டே அதன் மேற்புறம் வெளிப்பக்கம் சாயும்படி முறுக்குங்கள். எந்த வரையறையும் அந்த அளவுக்கு மனதில் பதியாது என்பது அவர் கட்சி.

அன்றைக்கு ஒளியில் பிரிந்தவர்கள் இன்னும் ஒன்று சேரவில்லை. வட்டமாகச் சுழன்று வரும் ஒளியை ஒளியியல் புத்தகங்கள் பலவும் வாங்குபவர் பக்கம் நின்று பார்த்து வலம் என்று சொல்லும். ஆண்டெனா செய்யும் பொறியாளர்கள் அனுப்புபவர் பக்கம் நின்று பார்த்து வலம் என்பார்கள். ஒருவர் வலம் இன்னொருவருக்கு இடம்.

திருகாணிக்காரர்கள் மட்டும் குழப்பிக்கொள்வதில்லை. வலத்திருகு மரையை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலத்திருகுதான். நட்டை எந்தப் பக்கமிருந்து நுழைத்தாலும் வலப்பக்கம் திருப்பினால் உள்ளே போகும். வெல்டிங் பட்டறையில் இதை உயிர்காக்கும் உபாயமாகவே வைத்திருக்கிறார்கள். ஆக்ஸிஜன் இணைப்புக்கு வலமரை, அசிட்டிலின் போல எரியும் வாயுவுக்கு இடமரை. அவசரத்தில் மாற்றிப் பூட்டப் பார்த்தாலும் பூட்டாது.

துறைமுகத்துக்குள் போனால் இது இன்னும் சுவாரஸ்யம். வலக்கைப் புரொப்பெல்லர் என்றால் கப்பல் முன்னே போகும்போது, பின்னால் நின்று பார்ப்பவருக்கு வலஞ்சுழியாகச் சுழல்வது. எஞ்சின் அறைக்குள் நின்று பின்பக்கம் பார்க்கும் என்ஜினியருக்கு அதே தண்டு இடஞ்சுழி. மிதவைகள் கதை வேறு. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்குச் சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். வெளியே போகும்போது மாறிவிடும். அப்படியானால் இது யார் கண்ணால் எழுதிய விதி? வருபவர் கண்ணால். போகிறவர் மனதுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். 1980இல் உலக நாடுகள் கூடிப் பேசியும் அமெரிக்காக் கண்டங்களும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளும் பச்சையை இடப்பக்கம் வைத்துக்கொள்ளும் தம் வழக்கத்தை விடவில்லை. இந்தியா சிவப்பை இடப்பக்கம் வைக்கும் கூட்டத்தில் இருக்கிறது. முன்பு திருகாணியில், இப்போது மிதவையில். ஜப்பான்காரர்களின் பிடிவாதத்தில் எனக்கு ஒரு பிரியம்.

இனி இயந்திரம். மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ், வெட்டும் கருவி எங்கெல்லாம் போக வேண்டும் என்பதை எண்களாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது, எம்.ஐ.டி. ஆய்வகம் வேலையை எடுத்துக்கொண்டது. 1952இல் துளையிட்ட நாடாவைப் படித்துத் தானே வெட்டும் முதல் மில்லிங் இயந்திரம் வேலை செய்து காட்டியது. மனிதர் கையும் கண்ணும் விலகிக்கொண்டன. எண் மட்டும் மிஞ்சியது. ஆகவே எண்ணுக்கு முன்னால் நிற்கும் குறிக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் வேண்டும் என்றாயிற்று. பின்னாளில் ஐ.எஸ்.ஓ. 841 என்ற தரவிதி அதை எழுதி வைத்தது. எக்ஸ், ஒய், இசட் மூன்றும் வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் போல நிற்க வேண்டும். எக்ஸைச் சுற்றும் சுழற்சி ஏ, ஒய்யைச் சுற்றுவது பி, இசட்டைச் சுற்றுவது சி. அச்சு நீளும் திசையில் வலத்திருகு எப்படி முன்னேறுமோ அந்தச் சுற்று பிளஸ். மேக்ஸ்வெல்லின் திராட்சைக் கொடி அப்படியே தொழிற்சாலைக்குள் படர்ந்துவிட்டது.

அந்த விதியில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. குழாய்க்காரர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் அது. எண்கள் சொல்வதெல்லாம் பொருள் அசையாமல் நிற்க, கருவிதான் நகர்கிறது என்ற கணக்கில். நிஜத்தில் கருவி நின்று பொருள் நகருமானால் திசை எதிராகும். கடைசல் வேலைக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குழாய் வளைக்கும் இயந்திரத்தில் திரும்புவதோ குழாய்; வளைக்கும் டை ஒரே இடத்தில் நிற்கிறது.

இயந்திரத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் சக் குழாயின் வால்முனையைக் கவ்வியிருக்கிறது. முன்னால் வளைக்கும் தலை; அதில் உருண்டையான டை, அதோடு குழாயை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப், குழாய்க்குள்ளே சுவர் நசுங்காமல் தாங்கும் மாண்ட்ரல். சக் குழாயை முன்னே தள்ளும், தன்னைத்தானே திருப்பும். தலை சுழன்று வளைக்கும். குழாய் ஒய் அச்சில் கிடக்கிறது என்று கொண்டால், தள்ளுவது ஒய், ஒய்யைச் சுற்றித் திருப்புவது பி, செங்குத்தான இசட்டைச் சுற்றி வளைப்பது சி. பல இயந்திரத் திரைகளில் எல்.ஆர்.ஏ.வுக்குப் பதிலாக ஒய், பி, சி என்று மூன்று எழுத்துகள் தெரிவது இந்தக் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

குழாயை எண்ணாக மாற்றும் வேலையில் கலிபோர்னியாவின் ஹோமர் ஈட்டன் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1970களில் அவருடைய ஈட்டன் லெனார்ட் நிறுவனம், வளைந்த குழாயைக் கையால் தொட்டு அளக்கும் மூட்டுக்கையை உருவாக்கியது. நேரான துண்டு ஒவ்வொன்றின் மேலும் கவை போன்ற முனையை வைத்தால் அந்தத் துண்டு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கை சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு துண்டுகள் சேர்ந்தால் ஒரு தளம். அடுத்த இரண்டும் சேர்ந்தால் இன்னொரு தளம். இந்த இரண்டு தளங்களுக்கும் நடுவில் உள்ள திருப்பம்தான் நம் நடு எண். தொங்கிக்கொண்டிருந்த கம்பி மாதிரி அன்றைக்கு ஓய்வு பெற்றது. குறியும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தது.

இப்போது அந்தக் குறியைப் பட்டறையில் வைத்துப் பார்ப்போம். பின்னால், சக்கின் முதுகுப் பக்கம் நின்று தலையைப் பார்க்கிறீர்கள். முதல் வளைவு முடிந்து, வளைந்த மூக்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சக் உங்கள் கண்ணுக்கு வலஞ்சுழியாக 90 டிகிரி திரும்பினால் மூக்கு கீழே தொங்கும். அப்படியே இரண்டாம் வளைவையும் வலப்பக்கமே வளைத்து எடுத்தால் வருவது வலத்திருகுக் குழாய். தொடக்கத்தில் மேஜை மேல் வைத்தோமே, கிழக்கு, வடக்கு, மேலே என்று போனது, அதே குழாய். இதே காரியத்தைத் தலைக்கு முன்னால் நின்று சக்கைப் பார்ப்பவரிடம் கேட்டால் சக் இடஞ்சுழியாகத் திரும்பியது என்பார். பொய் சொல்லவில்லை. வளைந்த மூக்கு எதிலும் இடிக்காமல் சுற்றுகிறதா என்று கண்காணிக்க ஆபரேட்டர் பெரும்பாலும் நிற்பது அங்கேதான். இயந்திரம் வடிவமைத்தவர் பின்னால் நிற்கிறார், ஓட்டுபவர் முன்னால் நிற்கிறார்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. சில மென்பொருள்கள் குழாய் எவ்வளவு திரும்பியது என்று எழுதும். சில, குழாயை அசையாததாக வைத்து, வளைவுத் தளம் எவ்வளவு திரும்பியது என்று எழுதும். குழாய் வலம் திரும்பினால், குழாயைப் பொறுத்தவரை அடுத்த வளைவின் தளம் இடம் திரும்பியதாகக் கணக்கு. ஆகக் குறியைப் புரட்டிப் போடும் காரணங்கள் இரண்டு: எங்கே நின்று பார்ப்பது, எது திரும்புவது. இரண்டிலும் தலைகீழாகப் போனால் தலைகீழ் இரண்டும் ஒன்றையொன்று தின்று, குழாய் சரியாக வந்துவிடும். இது நல்லதில்லை. தப்பான புரிதலோடு பல ஆண்டு சரியாக ஓடிய பட்டறை, புது இயந்திரம் வாங்கிய அன்று பிம்பக் குழாய்களைக் குவிக்க இதுதான் வழி.

வேறு சிலவற்றின் மேல் பழி விழும், அவை நிரபராதிகள். தலை வலப்பக்கம் வளைக்கும் இயந்திரத்தை விட்டு இடப்பக்கம் வளைக்கும் இயந்திரத்துக்குப் போனால் குறியை மாற்ற வேண்டும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வேண்டாம். சக் அதே வாக்கில் திரும்பும் வரை, எல்லா வளைவும் சேர்ந்து மறுபக்கம் போவதால் முழுக் குழாயும் 180 டிகிரி உருண்டு வெளிவரும், அவ்வளவே. குழாயை எதிர் முனையிலிருந்து வளைக்கத் தொடங்கினாலும் அப்படித்தான்: வரிசைதான் தலைகீழாகுமே தவிரக் குறி மாறாது. திருகாணியை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அதே மரைதான் என்ற பழைய பாடம்.

தூத்துக்குடியில் வளைந்த குழாய் நிறைய உள்ள ஓர் இடம் அனல்மின் நிலையம். 1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகளாக வளர்ந்தது. கொதிகலன் திருச்சி பெல் நிறுவனத்து வேலை. ஆனால் அதில் கிலோமீட்டர் கணக்கில் மடங்கி மடங்கிப் போகும் சூப்பர்ஹீட்டர், எகனாமைசர் சுருள்களுக்கு இந்தக் குறித் தகராறு பெரும்பாலும் கிடையாது. அவை ஒரே தளத்தில் பாம்பாக மடங்குபவை. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே திருப்பம் பூச்சியம் அல்லது 180. பிளஸ் 180உம் மைனஸ் 180உம் ஒன்றேதான். தட்டையான பொருளுக்குக் கண்ணாடிப் பிம்பமும் அதுவேதான். கொதிகலன் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் இந்தப் பிரச்சினையைக் கேள்விப்படவில்லை என்றால் ஆச்சரியமில்லை. சுவர்க்குழாய்கள் பர்னர் வாசலைச் சுற்றி வளைந்து ஒதுங்கும் இடத்தில்தான் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஜோடி வரும்; அங்கே கவனம் வேண்டும்.

தட்டையாக இல்லாத குழாய்களின் காலம் இந்தக் கடற்கரைக்கு இப்போதுதான் வருகிறது. 2025 ஆகஸ்டில் ஊரில் மின்கார் ஆலை திறந்தார்கள். கார் என்றால் அடியில் நெளிந்து ஓடும் பிரேக் குழாய், பக்கத்துக்குப் பக்கம் மாறும் குளிர்விப்புக் குழாய். 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் எஞ்சினைச் சுற்றி ஓடும் குழாய்களில் ஒரே தளத்தில் கிடப்பவை அரிது. எங்கோ ஒரு கணினியில் பிறந்த எண், எங்கோ ஒரு சக்கைத் திருப்பும் வேலை.

இரண்டின் பிளஸ்ஸும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு, பத்து நிமிஷம் ஆகாது. புது இயந்திரம் வந்தாலோ, மென்பொருள் மாறினாலோ, வேலைக் குழாயைத் தொடாமல் முதலில் ஒரு துண்டுக் குழாயை எடுத்து 200, 150, 100 என்று மூன்று கால்கள் வரும்படி வளைக்க வேண்டும். இரண்டு வளைவும் 90, நடுத் திருப்பம் பிளஸ் 90. பிறகு மேஜை மேல் வைத்து, நீளக் கால் இடமிருந்து வலமாக ஓட, அடுத்த கால் உங்களை விட்டு விலகி எதிர்ப்பக்கம் போகட்டும். மூன்றாம் கால் மேலே எழுந்து நின்றால் அந்த இயந்திரத்தின் பிளஸ் வலத்திருகு பிளஸ். மேஜைக்குள் இறங்கப் பார்த்து உட்கார மறுத்தால் இடத்திருகு பிளஸ். இரண்டில் எதுவானாலும் குற்றமில்லை. பெரும்பாலான மென்பொருள்களில் சுழற்சித் திசையை மாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டினால் முடிந்தது. எல்லா வரியிலும் கையால் குறியை மாற்றப் போனால் ஒரு வரி விட்டுப்போகும், அந்தக் குழாய் அசலும் ஆகாது, பிம்பமும் ஆகாது. சோதனைக்கு 180 மட்டும் கொடுத்துவிடக் கூடாது. அது எல்லா இயந்திரத்திலும் தேறிவிடும்.